நம்ம புள்ளைங்க கையில் எந்த நாவலைக் கொடுப்பது?

எங்கள் காலனியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் இருக்கிறது. எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி, எடுத்துப்போன புத்தகத்தை இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். பாதிகூடப் படிக்கவில்லை. "ஏன், புடிக்கலையா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அக்கா, நம்மளப் பத்துன கதைன்னாவே யாராச்சும் அடிவாங்கிக்கிட்டே இருக்கணுமா?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மேடையில் நின்று தலித் இலக்கியம் வலியின் இலக்கியம் என்று பேசியவள்தான் நான். அந்த வார்த்தையைப் பதிமூணு வயசுப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு வலி தெரியாதா என்ன? தண்ணிக் குழாயில், ரேஷன் கடையில், வகுப்பு பெஞ்சில் அவள் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். புத்தகத்தில் வேறு ஏதோ தேடி வந்திருக்கிறாள்.

தோழர்கள் பலபேர் என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள். பத்து வயசிலிருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள நம்ம பிள்ளைங்களுக்கு என்ன நாவல் கொடுக்கலாம் என்று. பட்டியல் தருவது சுலபம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கஷ்டம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் சிறுவர் இலக்கியம் இல்லாமல் இல்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், வாண்டுமாமாவின் சாகசக் கதைகள் என்று பெரிய வரிசையே உண்டு. ஊர்த்தெரு வீடுகளிலிருந்து பழைய பேப்பரோடு வந்த இதழ்களில் நானும் அவற்றைப் படித்தேன், ராஜாவையும் பூதத்தையும் ரசித்தேன். இன்றைக்கும் எங்கள் பெட்டியில் அவை உண்டு. அவற்றை எரிக்கச் சொல்லி நான் வரவில்லை. ஆனால் விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போகிற பிள்ளை, தனக்கென்று அறை இருக்கிற பிள்ளை, துப்பறியக் கிளம்பினால் எல்லா வீட்டுக்குள்ளும் தடையில்லாமல் நுழைகிற பிள்ளை, இதுதான் அந்தக் கதைகளில் 'பொதுவான' பிள்ளை. எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய முடிகிற பிள்ளை என்பது பொதுவான பிள்ளை இல்லை. அவனுக்குச் சாதி இருக்கிறது, அதைச் சொல்லவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை, அவ்வளவுதான். நம்ம பிள்ளை அங்கே அவமானப்படவும் இல்லை. இல்லவே இல்லை.

நம்முடைய எழுத்துக்கு வருவோம். 1990களில் எழுந்துவந்த தலித் எழுத்து முழுக்கக் குழந்தைப் பருவம் கொட்டிக்கிடக்கிறது. நாம் யார் என்று எழுத உட்கார்ந்த எல்லோருமே தெருவில் விளையாடிய நாளிலிருந்து, பள்ளிக்கூட வாசலிலிருந்துதான் தொடங்கினார்கள். ஆனால் அந்த எழுத்து பேசியது பெரியவர்களிடம். ஊர்க்காரனைக் கூண்டில் ஏற்றுவதற்கும், நம் ஆட்களைத் தட்டி எழுப்புவதற்கும், இலக்கியவாதிகளின் அழகியலைக் கேள்வி கேட்பதற்கும் எழுதினோம். அது தேவையாக இருந்தது. அதில் வருகிற குழந்தை சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்ட குழந்தை. அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை.

ஆகவே நான் ஒரு நாவலை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். கதையில் இருக்கிற பிள்ளையின் கண்ணால் நாம் உலகத்தைப் பார்க்கிறோமா, அல்லது அந்தப் பிள்ளையை யாரோ பார்த்துப் பரிதாபப்படுகிறார்களா? அடி விழுந்த அடுத்த பக்கத்தில் அந்தப் பிள்ளை என்ன யோசிக்கிறது, என்ன செய்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத புத்தகம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. வலியைக் காட்டுவதோடு நின்றுவிடுகிற பிரதி, பிள்ளையிடம் 'உன் தலையெழுத்து இது' என்றுதான் சொல்லும். எழுதியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும்.

பத்து முதல் பன்னிரண்டு வயசு வரை. இந்த வயசுக்கென்று தலித் எழுத்தாளர் எழுதிய நாவல் ஒன்றைத் தேடி நான் சலித்துப்போனேன். அதனால் நாவல் அல்லாத ஒன்றில் தொடங்குகிறேன். அம்பேத்கர் தன் வாழ்வனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'. அதன் முதல் பகுதி 1901இல் நடந்தது. ஒன்பது வயசுப் பையன், அண்ணன், அக்கா பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறான். புதுத்துணி, உற்சாகம், எல்லாம் இருக்கிறது. இறங்கிய ஸ்டேஷனில் யாரும் வரவில்லை. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், தான் நடந்துவருவேன் என்கிறான். ராத்திரி முழுக்கச் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணி இல்லை. எங்கள் வகுப்பில் இதை வாசித்தபோது பிள்ளைங்க அழவில்லை. "மாட்டு வண்டிய அவங்களே ஓட்டுனாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நான்கு பிள்ளைங்க ராத்திரியில் தனியாகச் செய்கிற பயணம் அது. சாகசக்கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. தண்ணி கிடைக்காதது ஏன் என்ற கேள்வி அதற்குள்ளிருந்தே வருகிறது, யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை.

அடுத்தது பாமாவின் 'கருக்கு' (1992). முழுசாக இல்லை. சின்ன வயசுப் பகுதிகளை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். மூணாவது படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறது. தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்த்து அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறது. அண்ணன் சிரிக்கவில்லை, காரணம் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் கோபம் வருகிறது. நான் கவனிக்கச் சொல்வது இந்த வரிசையை: முதலில் சிரிப்பு, அப்புறம் கேள்வி, அப்புறம் விளக்கம், அதற்கும் அப்புறம் கோபம். பிள்ளை தன் கண்ணால் பார்த்து, தன் புத்தியால் கோபத்துக்கு வந்து சேர்கிறது. நம்மில் நிறையப் பேர் எழுதும்போது கோபத்தில் தொடங்கிவிடுகிறோம். படிக்கிற பிள்ளைக்கு நடக்க வழியே விடுவதில்லை. எங்கள் வகுப்பிலும் பிள்ளைங்க அந்த இடத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களே அப்புறம் சத்தம் அடங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு கட்டுவதைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சின்னப் புத்தகத்தையும் இந்த வயசுக்கு வைத்திருக்கிறேன். சிறுவருக்கென்றே எழுதப்பட்ட எழுத்து சாதியைத் தொட்டுப் பேசுவது நல்ல தொடக்கம்.

பதிமூணு முதல் பதினைந்து வரை. பெருமாள் முருகனின் 'கூளமாதாரி' (2000). அருந்ததியப் பையன் கூளையன் கவுண்டர் வீட்டில் வருசக் கூலிக்கு ஆடு மேய்க்கிறான். அவனைப்போலவே மேய்க்கிற பிள்ளைங்க நாலைந்து பேர், கூடவே பண்ணையக்காரர் மகன் செல்வன். இந்த நாவலின் பலம் விளையாட்டு. பனங்காட்டில், கிணற்றில், ஆட்டுக்குப் பின்னால் அவர்கள் ஆடுகிற ஆட்டமும் பேசுகிற பேச்சும் உயிரோடு இருக்கிறது. வேலைக்கு அடகு வைக்கப்பட்ட பிள்ளையும் பிள்ளைதான் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நாவல் குறைவு. எழுதியவர் தலித் அல்லாதவர். அதற்காக ஒதுக்கவும் மாட்டேன், அதை மறக்கவும் மாட்டேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கூளையனுக்குக் காடு தெரியும், ஆடு தெரியும், பயம் தெரியும். இந்த வேலையை விட்டு வெளியே போக ஒரு வழி இருக்கும் என்று காட்டுகிற ஒரு மனுசன் அவன் உலகத்தில் இல்லை. கதை கிணற்றில் போய் முடிகிறது. அது அந்தக் காலத்து உண்மையாக இருக்கலாம். ஆனாலும் பிள்ளை தனியாகப் படித்து மூடிவைத்துவிடுகிற புத்தகம் இல்லை இது. கடைசி அத்தியாயம் படிக்கிற அன்றைக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும்.

பூமணியின் 'வெக்கை' (1982). 2019இல் 'அசுரன்' படம் வந்தபிறகு எல்லாப் பையன்களுக்கும் கதை தெரியும். அதனாலேயே நாவலைக் கொடுக்கவேண்டும் என்கிறேன். பதினைந்து வயசுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை மட்டும் வெட்டுவதுதான் அவன் நினைப்பு, ஆள் செத்துப்போகிறான். இது தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க அப்பனும் மகனும் கரிசல்காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள். சமைத்துத் தின்பது, மழைக்கு ஒதுங்குவது, அம்மாவை நினைப்பது, பழைய கதை பேசுவது. முடிவில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். திரையில் சண்டை பெரிசாகத் தெரிகிறது. நாவலில் அரிவாள் வீசியபிறகு வருகிற நீண்ட, பசித்த நாட்கள்தான் பெரிசு. சாதியின் பெயரைப் பூமணி எங்கும் எழுதுவதில்லை, பிரச்சினை நிலம் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

"அரிவா தூக்குற கதைய எதுக்குப் பையனுக்குக் குடுக்கணும்?" என்று ஒரு ஆசிரியத் தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பதினேழு வயசில் கையில் அரிவாள் எப்படி வந்தது? 'வெக்கை' படித்தா வந்தது? கையில் கட்டிய கயிற்றின் வழியாக, வீட்டில் கேட்ட பேச்சின் வழியாக, சாதிப் பெருமை பேசுகிற பாட்டின் வழியாக வந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைக் கையிலிருந்து அறுக்கச் சட்டம் போதும். மனசில் கட்டியிருப்பதை அறுக்க அந்த இடத்தில் வேறு கதை வந்தாகவேண்டும். வெட்டுக்கு அடுத்த நாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிற கதையைப் பையன்களிடமிருந்து ஒளித்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதினாறு, பதினேழு. இந்த வயசுக்கு 'கருக்கு' முழுசாகவும், அதோடு சேர்த்து ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'மும் (2002). ராஜ் கௌதமனும் பாமாவும் உடன்பிறந்தவர்கள். ஒரே ஊர், ஒரே தெரு. பெண்ணாகப் பார்த்தது ஒன்று, ஆணாகப் பார்த்தது ஒன்று. 2024இல் மறைந்த ராஜ் கௌதமன் தன்னையே கேலி செய்துகொண்டு எழுதிய மனிதர். சிலுவைராஜ் பயப்படுகிறான், அசடு வழிகிறான், ஊர்வம்பில் மாட்டுகிறான். வீரனாகவும் இல்லாமல், பலியாளாகவும் இல்லாமல் ஒரு தலித் பையன் புத்தகம் நிறைய நடமாடுவது எவ்வளவு பெரிய விடுதலை தெரியுமா? தடித்த புத்தகம்தான். ஆனால் சிரிக்கவைக்கிற புத்தகத்தின் தடிமன் யாருக்கும் உறைப்பதில்லை.

பெண்பிள்ளைங்களுக்கு பாமாவின் 'சங்கதி' (1994). ஊரார் சாதி மட்டுமில்லை, நம்ம வீட்டு ஆம்பளையின் கையும் அதில் வருகிறது. பொய்ப்பழி சுமத்தப்பட்ட மாரியம்மாவுக்கே நம் தெரு நாட்டாமை அபராதம் போடுகிற இடம் வருகிறது. அதற்கு நடுவே பெண்கள் பாடுகிறார்கள், திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், பதிலுக்குப் பதில் பேசுகிறார்கள். ஆண்பிள்ளைங்களும் படிக்கவேண்டிய புத்தகம், அவர்களுக்குத்தான் சுருக்கென்று குத்தும். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'ப் பகுதியையும் சுகிர்தராணியின் கவிதைகளையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் எடுத்துவிட்டது. கல்லூரி மாணவர்களுக்கே ஆகாது என்று நினைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் பதினாறு வயசிலேயே கொடுத்துவிடுவோம்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) வந்தபோது நம்மவர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. நமக்கும் கீழே ஒருத்தியை நாம் வைத்திருந்தோம் என்று அது சொல்கிறது. அடிவாங்குகிற கதையை மட்டும் படித்து வளர்கிற பிள்ளைக்குத் தன் கை அடுத்தவன் மேல் விழுவது தெரியாமல் போகும். ஆகையால் பள்ளியை விட்டுப் போவதற்குள் இதையும் கொடுங்கள். முதலாவதாகக் கொடுக்காதீர்கள். பிள்ளை முதலில் தன் காலில் நிற்கட்டும்.

ஆங்கிலத்தில் படிக்கக்கூடிய பிள்ளைகளுக்கு ஒன்று. பெரிய பள்ளிகளில் சமத்துவம் சொல்லித்தர ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) கொடுக்கிறார்கள். நல்ல நாவல். ஆனால் அதில் அநியாயத்தைப் பார்த்து வளர்கிறவள் வெள்ளைக்காரச் சிறுமி. பொய்க் குற்றம் சாட்டப்பட்டுச் சாகிற டாம் ராபின்சனுக்கும் பிள்ளைங்க உண்டு. அவர்கள் கண்ணால் நாம் எதையும் பார்ப்பதில்லை. ஒருவன் செத்து இன்னொருத்தர் பிள்ளைக்கு ஞானம் வருகிறது. இதற்குப் பதிலாக மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பினப் பெண் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' (1976) கொடுங்கள். 1933இல் மிசிசிப்பியில் நடக்கிற கதை, கதை சொல்கிறவள் ஒன்பது வயசுக் காசி. பள்ளியில் அவள் ஆறு வயசுத் தம்பிக்குப் பாடப்புத்தகம் கொடுக்கிறார்கள். வெள்ளைப் பிள்ளைகள் கிழித்துக் கழித்துப்போட்ட பழசு. உள்ளே ஒட்டியிருக்கிற அட்டவணையில், புத்தகம் மிக மோசமான நிலைக்கு வந்தபிறகு அது கறுப்புப் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டது என்று பதிவு இருக்கிறது. தம்பி அதைத் தரையில் வீசி மிதிக்கிறான். இரண்டு பேருக்கும் பிரம்படி. அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கிற அம்மா என்ன செய்கிறாள்? வெற்றுத்தாளை வெட்டி, அந்த அட்டவணையின்மேல் ஒட்டிக் கொடுக்கிறாள். அடி விழுந்த அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேனே, அதற்கு இதைவிட நல்ல பதில் நான் படித்ததில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருக்கிறது, அதனால் நிமிர முடிகிறது என்பதையும் நாவல் மறைக்கவில்லை. 'வெக்கை' படித்த பிள்ளைக்கு இது உடனே புரியும்.

இன்னொன்று, இந்தப் புத்தகங்கள் நம் பிள்ளைங்களுக்கு மட்டுமானவை இல்லை. ஊர்த்தெருப் பிள்ளைங்க கைக்கும் போகவேண்டும். ஆனால் அங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. நான் ஒன்பதாவது படித்தபோது பாடத்தில் 'தீண்டாமை' என்ற சொல் வந்தது. வாத்தியார் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, பரிவோடுதான். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த வருசம் முழுக்க நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஒரே நாவல் ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளை மேல் இரண்டு விதமாக விழும். ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கருக்கு' வாசிக்கும்போது "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று நம் பிள்ளையைக் கேட்காதீர்கள். சாட்சி சொல்வது அதன் வேலை இல்லை. "அந்த நாயக்கர் ஏன் எழுந்துபோய்த் தானே வாங்கிக்கலை?" என்று மற்றவர்களைக் கேளுங்கள். கேள்வி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பாடம் நடக்கும்.

கடைசியாக எழுதுகிற தோழர்களுக்கு. மேலே சொன்னவற்றில் நம் பதினோரு வயசுப் பிள்ளையைப் பார்த்து 'இது உனக்காக எழுதியது' என்று சொல்கிற தலித் நாவல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கடன் வாங்கியும் துண்டு துண்டாக வெட்டியும்தான் பட்டியல் போட்டிருக்கிறேன். சிறுவர் கதை எழுதுவது சின்ன வேலை, கவிதையும் ஆய்வும்தான் பெரிய வேலை என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது. அது யாரிடமிருந்து வந்த நினைப்பு என்று யோசியுங்கள். காலனியில் பேய்க்கதை இல்லையா? துப்புத்துலக்க மர்மம் இல்லையா? தப்படிக்கிற தாத்தாவிடம் கத்துக்கொள்ளப் போகிற பேத்தி இல்லையா? பன்னி காணாமல் போனால் தேடிப்போகிற நாலு பையன்கள் இல்லையா? சாதி அந்தக் கதையில் இருக்கும், வெயில் மாதிரி. அதற்குக் கீழேதான் பிள்ளைங்க விளையாடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். நூறு பக்கம் போதும். எழுத்து கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது. 'வெக்கை'யை எடுத்துப் போனவள் பத்து நாள் வைத்திருந்து கொடுத்தாள். "அந்தப் பையன் அப்புறம் படிச்சானா அக்கா?" என்று கேட்டாள். பூமணி எழுதவில்லை என்றேன். "வேற யாராச்சும் எழுதியிருக்காங்களா?" என்றாள். அதற்கும் என்னிடம் புத்தகம் இல்லை. வாராவாரம் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.